ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து வரும் கை, தோள், முதுகு வலி: கடலூர், புதுச்சேரித் தொழிலாளர்கள் இழப்பீடு கேட்பது எப்படி?

பண்ருட்டி பக்கத்து ஊர் ஒன்றில் முந்திரிக்கொட்டை உடைக்கும் அக்கா ஒருவர், டீ டம்ளரை இரண்டு கைகளாலும் ஏந்திக் குடித்துக்கொண்டிருந்தார். சித்திரை வெயில் கொளுத்துகிற மதியம் அது. வலது கையில் பெருவிரலும் அதற்கடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போய்விட்டதால், ஒற்றைக் கையில் எடுத்தால் டம்ளர் நழுவிவிடும் என்றார். பதினொரு ஆண்டுகளாக இடது கையால் கொட்டையை வெட்டுக்கத்தியில் பொருத்துகிறார், வலது கையால் பிடியை இழுக்கிறார், காலால் மிதியை மிதிக்கிறார். ஒரு நாளில் எத்தனை ஆயிரம் முறை என்று அவர் எண்ணியதில்லை. கூலி கிலோ கணக்கு என்பதால் நடுவில் கையை உதறிக்கொள்ளும் நேரமும் அவருக்கு நட்டம்தான்.

அதே கையின் விரல் நுனிகளில் இன்னொரு பாதிப்பும் இருந்தது. கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டுப் பட்டுத் தோல் கறுத்து உரிந்திருந்தது. அந்தத் தோலுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. வேலையில் படும் பொருட்களால் வரும் தோல் நோய் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. மரத்துப்போன விரல்களுக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை. இந்த வழிகாட்டி அந்த விரல்களுக்காக எழுதப்படுகிறது.

கடலூரிலும் புதுச்சேரியிலும் தொழிலாளர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துப் பழகியவன் என்பதால் ஒன்றைச் சொல்ல முடியும். இத்தகைய கோரிக்கைகளில் பல, மனு போடுவதற்கு வெகு முன்பே, வலி தொடங்கிய முதல் மாதத்திலேயே தோற்றுவிடுகின்றன. அப்போது எழுதி வாங்கியிருக்க வேண்டிய தாளை யாரும் வாங்கியிருப்பதில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது

நீண்ட காலம் நமக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன: 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், 1948-ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீட்டு) சட்டம். 2025 நவம்பர் 21 முதல் இரண்டும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-க்குள் வந்துவிட்டன. பிரிவு எண்கள் மாறின. ஆனால் நம் விஷயத்தில் அடிப்படை அப்படியே இருக்கிறது. வேலையின்போது, வேலையின் காரணமாக, விபத்தால் காயம் ஏற்பட்டால் இழப்பீடு உண்டு. பட்டியலில் உள்ள தொழில்சார் நோய் வந்தால், அதையும் விபத்துக் காயமாகவே கருத வேண்டும். பட்டியலில் இல்லாத நோய் என்றால், அது ஒரு குறிப்பிட்ட விபத்துக் காயத்தின் நேரடி விளைவு என்று காட்டினால்தான் பணம்.

ஈயம், பாதரசம், பென்சீன் போன்றவற்றால் வரும் நோய்கள், இரைச்சலால் காது கேளாமை, பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. மணிக்கட்டு நரம்பு நெருக்கமும் தோள்பட்டைத் தசைநார்க் கிழிசலும் முழங்கைத் தசைநார் வீக்கமும் இல்லை. இது பெரிய அநீதி என்று நான் நினைக்கிறேன். தையல் எந்திரத்தின் முன் இருபது ஆண்டுகள் குனிந்திருந்த தோளை, இரசாயனம் பட்ட தோலைவிடக் குறைவாக மதிக்க எந்தக் காரணமும் இல்லை. பட்டியல் மாறும்வரை நமக்குத் திறந்திருக்கும் வழிகள் மூன்று: இ.எஸ்.ஐ.யின் நோய்க்காலப் பணம், விபத்துக் காயம் என்று நிறுவிப் பெறும் இழப்பீடு, இரண்டும் கிடைக்காதவர்களுக்கு முதலாளியோடு எழுத்தில் பேசிப் பெறும் மாற்று வேலையும் மருத்துவச் செலவும். எந்த வழியில் போனாலும் தேவைப்படும் தாள்கள் ஒன்றேதான்.

முதல் படி: வலியின் பெயரைக் கண்டுபிடியுங்கள்

"கை வலிக்கிறது" என்று மட்டும் சொன்னால் மருத்துவர் வலி மாத்திரை எழுதுவார், வேலை முடிந்தது. எந்த விரல், எந்த நேரம், என்ன செய்தால் கூடுகிறது என்று சொல்லுங்கள். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவை மரத்து, இரவில் எரிச்சலோடு எழுப்பி, கையை உதறினால் கொஞ்சம் அடங்குகிறதா? மணிக்கட்டின் நடுவே ஓடும் நரம்பு நெருக்கப்படுவதன் அடையாளம் அது. கார்பல் டனல் என்பார்கள். இரண்டு மணிக்கட்டுகளையும் மடக்கிப் புறங்கைகளை ஒன்றோடொன்று சேர்த்து ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். மரப்பு கூடினால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். பெருவிரலின் அடிப்பகுதியில் குத்தல் வருவது வேறு, விரல் மடங்கிச் சொடுக்கிட்டுச் சிக்கிக்கொள்வது வேறு, முழங்கையின் வெளிப்புறம் வலிப்பது வேறு.

மரப்பு இருந்தால் நரம்புக் கடத்தல் சோதனை கேளுங்கள். நரம்பில் மின் அலை எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பதை அது எண்களில் காட்டும். வலியை யாராலும் மறுக்க முடியும், அந்த எண்களை மறுப்பது கடினம். புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மரும் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் இருக்கின்றன. கடலூர்க்காரர்களுக்கு மஞ்சக்குப்பத்துத் தலைமை மருத்துவமனையும் சிதம்பரத்து அரசு மருத்துவக் கல்லூரியும் உண்டு. தனியார் ஸ்கேன் மையத்துக்கு ஓடிக் கடன் வாங்கும் முன் இவற்றில் கேட்டுப் பாருங்கள்.

சர்க்கரை நோய், தைராய்டு, கர்ப்பம் ஆகியவற்றாலும் மணிக்கட்டு நரம்பு நெருக்கப்படும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். சர்க்கரை இருந்தால் மறைக்காதீர்கள். இரத்தப் பரிசோதனையைத் தொடக்கத்திலேயே எடுத்து, முடிவைக் கோப்பில் வையுங்கள்.

இரண்டாம் படி: முதல் சீட்டு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தையல்காரர் தன் சீட்டுகளை என்னிடம் கொண்டுவந்தார். பதினான்கு சீட்டுகள், மூன்று மருத்துவமனைகள். வலது தோள் வலி, வலது தோள் வலி, வலது தோள் வலி. அவர் என்ன தொழில் செய்கிறார் என்று பதினான்கில் ஒன்றில்கூட இல்லை. முதல் சீட்டில் மட்டும் ஒரு வரி கூடுதலாக இருந்தது: "தூங்கி எழுந்தபோது வலி." மருத்துவர் எப்போது வலித்தது என்று கேட்டிருக்கிறார். இவர் உண்மையாக, காலையில் எழுந்ததும் அதிகம் வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, தலையணை சரியில்லாமல் வந்த வலி என்று நிர்வாகம் வாதாடியது.

ஆகவே மருத்துவர் முன் உட்கார்ந்ததும் முதல் வாக்கியத்திலேயே வேலையைச் சொல்லுங்கள். "நான் இத்தனை ஆண்டுகளாகத் தையல் எந்திரத்தில் வேலை செய்கிறேன். நாளுக்கு இத்தனை மணி நேரம் இப்படிக் கையை நீட்டியபடி இருக்கிறேன். இந்த மாதத்திலிருந்து வலிக்கிறது. விடுமுறை நாட்களில் குறைகிறது." பிறகு, இதைச் சீட்டில் குறித்துத் தாருங்கள் என்று பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் எழுதித் தருவார்கள். வேலைதான் காரணம் என்று அவர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. தொழில், ஆண்டுகள், தொடங்கிய காலம், விடுமுறையில் குறைகிறதா என்ற நான்கும் இருந்தால் போதும். அடுத்தடுத்த சீட்டுகளிலும் இதையே கேளுங்கள்.

குறிப்பிட்ட ஒரு நாளில் ஏதாவது நடந்திருந்தால், உதாரணமாக மூட்டையைத் தூக்கும்போது தோளில் பட்டென்று ஏதோ அறுந்ததுபோல் இருந்து அதற்குப் பிறகு கையைத் தூக்க முடியவில்லை என்றால், அந்தத் தேதியும் நேரமும் அருகில் இருந்தவர் பெயரும் சீட்டில் ஏறியே ஆக வேண்டும். வெகுநாள் தேய்ந்த தசைநார் ஒரு நாள் அறுவது உடலில் இயல்பாக நடப்பதுதான். முன்பே தேய்ந்திருந்தது என்பதற்காக அன்று வேலையில் அறுந்தது விபத்து ஆகாமல் போய்விடாது. மாரடைப்பு வழக்குகளில், வேலையின் அழுத்தத்துக்கும் பாதிப்புக்கும் தொடர்பு காட்டப்பட வேண்டும் என்பதே உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல். அதே அளவுகோல் நமக்கும் பொருந்தும். ஆனால் நடக்காத நாளை உருவாக்காதீர்கள். குறுக்கு விசாரணையில் அது உடையும்போது, உண்மையான பதினொரு ஆண்டு உழைப்பும் சேர்ந்து பொய்யாகிவிடும்.

மூன்றாம் படி: ஒரு நாற்பது பக்க நோட்டு

தினமும் மூன்று வரி எழுதுங்கள்: எத்தனை மணி நேரம் வேலை, எத்தனை கிலோ அல்லது எத்தனை உருப்படி, எப்போது வலி கூடியது. எழுதக் கை ஒத்துழைக்காவிட்டால் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். கிலோ கணக்கில் கூலி வாங்குபவர்களுக்கு இது மிகவும் பயன்படும். முன்பு வாரம் இவ்வளவு உடைத்தேன், இப்போது இவ்வளவுதான் என்ற இறக்கம் வருமான இழப்பின் நேரடிச் சான்று. கூலிச் சீட்டு, வருகைப் பதிவின் படம், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் இந்த நோட்டோடு ஒரே பையில் வையுங்கள்.

வேலை செய்யும் காட்சியைக் கைப்பேசியில் இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்வது நல்லது. முந்திரி வெட்டுப் பொறியைப் பார்த்தே இராத ஒரு மருத்துவக் குழுவுக்கு, மணிக்கட்டு எப்படித் திரும்புகிறது என்பதை அந்தப் படம் உடனே விளக்கிவிடும்.

நான்காம் படி: முதலாளிக்கு எழுத்தில்

மேஸ்திரியிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. அரைப் பக்கக் கடிதம் போதும். என்ன வேலை, என்ன பாதிப்பு, எப்போதிலிருந்து, மருத்துவர் என்ன சொன்னார், என்ன கேட்கிறீர்கள். நகலில் கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். அந்தச் சிறிய அட்டை பல வழக்குகளின் உயிர்.

தொழிற்சாலையில் விபத்துப் பதிவேடு இருக்கும். குறிப்பிட்ட நாளில் நடந்தது என்றால் அதில் ஏற்றச் சொல்லுங்கள். விடுப்பில் போகும்போதும் மருத்துவச் சான்றோடு எழுதிக் கொடுத்துவிட்டே போங்கள். வலியோடு வீட்டில் படுத்திருந்தவரை, சொல்லாமல் நின்றுவிட்டார் என்று பதிவேட்டில் எழுதி வெளியே தள்ளியதைப் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் படி: இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள்

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை என்றால் உங்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்க வேண்டும். சம்பளத்தில் 0.75 விழுக்காடு உங்களிடம் பிடிப்பார்கள், 3.25 விழுக்காடு முதலாளி கட்டுவார். பிடித்தம் மட்டும் நடந்து, பணம் கட்டப்படாமல் இருப்பதும் உண்டு. உங்கள் காப்பீட்டு எண்ணைக் கொண்டு இ.எஸ்.ஐ. இணையதளத்தில் பங்களிப்பைச் சரிபாருங்கள்.

மருத்துவம் முழுவதும் இலவசம். பணம் இரண்டு வகையில் வரலாம். தொடர் அசைவால் வந்த பாதிப்பைப் பெரும்பாலும் நோயாகவே எடுத்துக்கொள்வார்கள். அப்போது கிடைப்பது நோய்க்காலப் பணம்: தினக் கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாட்கள் வரை. அதற்கு முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களாவது பணம் கட்டப்பட்டிருக்க வேண்டும். வேலைக் காயம் என்று ஏற்கப்பட்டால் 90 விழுக்காடு, அதுவும் தற்காலிக இயலாமை நீடிக்கும்வரை, குறைந்தபட்சப் பங்களிப்பு நாட்கள் என்ற நிபந்தனையும் இல்லாமல்.

தினம் 500 ரூபாய் கூலி வாங்குபவருக்கு இதன் பொருள் என்ன? நோய் என்றால் நாளுக்கு 350 ரூபாய், 91 நாளுக்கு 31,850 ரூபாய், அத்தோடு முடிந்தது. காயம் என்றால் நாளுக்கு 450 ரூபாய், ஆறு மாதம் கை சரியாகாவிட்டால் ஆறு மாதமும். மேலும் நிரந்தரக் குறை நின்றுவிட்டால், மருத்துவக் குழு நிர்ணயிக்கும் வருமானத் திறன் இழப்புக்கு ஏற்ப ஆயுள் முழுவதும் பணம் வரும். விபத்து அறிக்கையை முதலாளி அனுப்பினாரா என்று நச்சரித்துக் கேட்க வேண்டியது இதனால்தான். குழுவின் முடிவு தவறு என்று தோன்றினால் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கோ பணியாளர் காப்பீட்டு நீதிமன்றத்துக்கோ போகலாம்.

மூட்டை தூக்குபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. முதுகுத்தண்டில் டிஸ்க் விலகியிருந்தால், அது நீண்டகால நோய்களுக்கான இ.எஸ்.ஐ. பட்டியலில் இருக்கிறது. அதற்கு 80 விழுக்காடு வீதம் இரண்டு ஆண்டு வரை பணம் வரலாம். இரண்டு ஆண்டுத் தொடர் வேலையும் நான்கு பங்களிப்புக் காலங்களில் 156 நாள் பங்களிப்பும் தேவை. எம்.ஆர்.ஐ. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டே இதைக் கேட்காமல் 91 நாளோடு திரும்பியவர்கள் இருக்கிறார்கள்.

காயம் என்று ஏற்பார்களா என்று காத்திருந்து நோய்க்காலப் பணத்தைக் கோட்டை விடாதீர்கள். முதலில் மருத்துவரின் சான்றைக் கொடுத்து அதைப் பெறுங்கள், காயம் என்ற கோரிக்கையை உடன் நடத்துங்கள்.

ஆறாம் படி: அட்டை இல்லாதவர்கள்

இ.எஸ்.ஐ. உள்ளவர் அதே காயத்துக்கு முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது. அட்டை இல்லாதவர்களுக்கு இழப்பீட்டு ஆணையரே இடம்; தொழிலாளர் துறையின் உயர் அலுவலர் அந்தப் பொறுப்பில் இருப்பார். மனுவை 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையர் பொறுத்தருளலாம். மெதுவாக வரும் பாதிப்பில் காலக்கெடு எப்போது தொடங்குகிறது என்பதே சண்டையாகும். அதனால் கையால் இனி வேலை முடியாது என்று முதலில் நின்ற நாளை நோட்டில் அழுத்தமாகக் குறியுங்கள்.

நம் பகுதிக்கு மிகவும் தேவையான ஒன்று: ரெட்டிச்சாவடியிலோ கடலூரிலோ வீடு, மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளில் வேலை என்று தினமும் எல்லை தாண்டுபவர்கள் பலர். காயம் பட்ட இடம், நீங்கள் வழக்கமாகக் குடியிருக்கும் இடம், நிறுவனத்தின் பதிவு அலுவலகம் உள்ள இடம், இந்த மூன்றில் எந்தப் பகுதியின் ஆணையரிடமும் மனு போடலாம். உங்களுக்குப் பஸ் செலவு குறைவாக ஆகும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். விசாரணைக்குப் பலமுறை போக வேண்டியிருக்கும்.

ஒப்பந்தக்காரர் மூலம் சேர்ந்தவர்கள், யாருக்காக வேலை நடக்கிறதோ அந்த முதன்மை நிறுவனத்தையும் மனுவில் சேர்க்க வேண்டும். பணம் கொடுத்துவிட்டு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்வது அந்த நிறுவனத்தின் பாடு. வீட்டுக்கே மூட்டையை வாங்கி வந்து உடைக்கும் பெண்களின் நிலைதான் கடினமானது. யாரிடம் வேலை செய்கிறார்கள் என்பதையே முதலில் நிறுவ வேண்டும். எடை போட்ட சீட்டு, பணம் அனுப்பிய கைப்பேசிச் செய்தி, ஏதாவது ஒன்றைச் சேர்த்து வைத்தால்தான் பேசவே முடியும்.

ஏழாம் படி: எவ்வளவு கேட்பது

நிரந்தரமாக முழுத் திறனும் போனால், மாதச் சம்பளத்தின் 60 விழுக்காட்டை வயதுக்கான காரணியால் (ஒவ்வொரு வயதுக்கும் சட்டத்தின் அட்டவணையில் உள்ள எண்) பெருக்க வேண்டும். கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு 15,000 ரூபாய் என்று 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. காரணி 30 வயதுக்கு 207.98, 40 வயதுக்கு 184.17, 50 வயதுக்கு 153.09. பகுதித் திறன் போனால் அந்த விகிதத்தில்.

40 வயது, மாதம் 12,000 ரூபாய், வருமானத் திறனில் 20 விழுக்காடு இழப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 12,000-இல் 60 விழுக்காடு 7,200. அதை 184.17-ஆல் பெருக்கினால் 13,26,024. அதில் ஐந்தில் ஒரு பங்கு ஏறத்தாழ 2,65,205 ரூபாய். உண்மையாகச் செலவான மருத்துவத் தொகையைத் தனியாகக் கேட்கலாம், ரசீது வேண்டும். உரிய காலத்தில் கொடுக்காத முதலாளி மீது வட்டியும், தொகையில் 50 விழுக்காடு வரை அபராதமும் விதிக்கலாம்.

இந்தக் கணக்கில் எல்லாம் தங்கியிருப்பது அந்த 20 என்ற எண்ணில். மருத்துவர்கள் பெரும்பாலும் உடலின் குறையை எழுதுவார்கள். சட்டம் கேட்பது சம்பாதிக்கும் திறனின் குறையை. மாற்றுத்திறனாளி அட்டையில் உள்ள விழுக்காடும் இதுவும் ஒன்றல்ல. 1975-இல் உச்ச நீதிமன்றம், இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த ஒரு தச்சரை, ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் முழுத் திறனையும் இழந்தவராகவே கருதியது. மணிக்கட்டில் பிடிமானம் போன முந்திரித் தொழிலாளிக்கும் அதே கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்: இந்தக் கையை வைத்துக்கொண்டு, இவருக்குத் தெரிந்த வேலையில் இவரால் எவ்வளவு சம்பாதிக்க முடியும்? மருத்துவரிடம் போகும்போது, உங்கள் வேலைக்கு என்னென்ன அசைவுகள் தேவை என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். நோட்டில் உள்ள கிலோ கணக்கு இங்கேதான் கைகொடுக்கும்.

எட்டாம் படி: துணை

பெண்கள், ஆலைத் தொழிலாளர்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். இடைத்தரகர் யாராவது, வரும் பணத்தில் பாதி எனக்கு என்று கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

சமரசம் பேசலாம், தவறில்லை. வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்து வேண்டாம். தொகை, தேதி, மாற்று வேலை என்ன என்பதெல்லாம் எழுதப்பட்ட பிறகே கையெழுத்து. மாற்று வேலை கேட்கும்போது குறிப்பாகக் கேளுங்கள். பண்ருட்டி அக்காவுக்கு நாங்கள் கேட்டது, வெட்டுப் பொறியிலிருந்து மாற்றிப் பருப்புத் தரம் பிரிக்கும் மேசையில் உட்கார வைப்பதும், அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆறு வாரம் கூலியோடு ஓய்வும். முதல் கோரிக்கைக்கு ஒரே வாரத்தில் ஒப்புக்கொண்டார்கள். இரண்டாவதற்காக நான்கு முறை போனோம். நான்காம் முறை அவர் தன் நோட்டை மேசையில் விரித்து, மார்கழியில் வாரத்துக்கு எத்தனை கிலோ, பங்குனியில் எத்தனை கிலோ என்று விரல் வைத்துக் காட்டினார். உரிமையாளர் வெகுநேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நான்கு வாரம் தருகிறேன் என்றார். மீதி இரண்டு வாரத்துக்கான கடிதம் பதிவுத் தபாலில் போயிருக்கிறது.